வான்கம்பியின் மூட்டும் வடநாட்டுப் பனிக்காலமும்

கம்பியில்லாத் தந்தி என்று பெயர் வழங்கினும், கம்பியின்றி அது நடைபெறுவதில்லை. ஒலிபரப்பும் இடத்திற்கும் கேட்கும் இடத்திற்கும் நடுவேதான் கம்பி இல்லை. ஈரிடத்தும் கூரைக்கு மேலே, அலைகளை விடுப்பதற்கும் ஏற்பதற்கும் ஒரு கம்பி நின்றே தீரவேண்டும். அதனை ஏரியல் என்றும் ஆண்டெனா என்றும் வழங்குவர்; நாம் இக்கட்டுரையில் வான்கம்பி என்போம். வான்கம்பியினின்று வீட்டினுள் இருக்கும் கருவிக்கு ஒரு வடம் இறங்கி வருகின்றது. வடமும் வான்கம்பியும் கூடுமிடத்தில் ஒரு மூட்டு உண்டு. அது கட்டைவிரல் அளவினதே. எனினும் அது பழுதுபடுமாயின் நூறடிக் கோபுரமும் விலையுயர்ந்த கருவியும் வாளா நிற்பனவாம். வெண்பனி பெய்யும் நாடுகளில் அம்மூட்டுக்கு நேரும் இடர் யாது, அதனைக் காக்கும் வழி யாது என்பனவற்றை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியென்றே அறிந்த நமக்கு, இஃது அயலார் கவலையாகத் தோன்றலாம். ஆயினும் நம் பழைய மாணவருள் கனடா முதலிய தேசங்களில் வாழ்வோர் இருக்கின்றனர். இம்மலர் அவர்கள் கைக்கும் செல்லும். அன்றியும், இச்சிறு மூட்டில் நிகழ்வதெல்லாம் பௌதிக சாஸ்திர வகுப்பில் நாம் கற்கும் எளிய விதிகள் சில ஒன்றுகூடிச் செய்யும் காரியமேயாதலின், அவ்விதிகள் புத்தகத்தைவிட்டு வெளியே வந்து நடமாடுவதைக் காண விரும்பும் மாணவர்க்கும் இது பயன்படும்.

மூட்டின் அருமை இடுக்கண் வந்துற்ற காலத்திலேயே விளங்கும். 1998-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் தொடங்கி ஏறக்குறைய ஆறு நாட்கள், கனடாவின் ஒன்டேரியோ, கியூபெக் மாகாணங்களிலும் அவற்றை அடுத்த அமெரிக்கப் பகுதிகளிலும் உறைமழை பெய்தது. உறைமழையாவது, நீராகவே வீழ்ந்து, தான் தீண்டிய பொருளின்மேல் உடனே கண்ணாடி பூசினாற்போல் பனிக்கட்டியாய் இறுகும் மழை. அதன் பாரம் தாங்காது ஏறத்தாழ 1,000 எஃகு மின்கோபுரங்கள் மடங்கி வீழ்ந்தன; மரக்கம்பங்கள் முறிந்தது 30,000-க்கும் மேல். கனடாவில் 40 லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள், பனிக்காலத்தின் நடுவில், மின்சாரமின்றித் தவித்தனர். சிலருக்கு ஒரு மாதம்வரையும் அது திரும்பவில்லை. விளக்கும் தொலைபேசியும் ஓய்ந்த ஊர்களில், ஹாம் என்று அழைக்கப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர் மின்கலங்களைக் கொண்டு தம் கருவிகளை இயக்கிச் செய்திகளைக் கொண்டுசெலுத்தி உதவினர். அத்தகைய நாளில் உதவுதற்குக் கருவி இருந்தாற் போதாது. வான்கம்பி அறாது நின்றாலும் போதாது. மூட்டு உலர்ந்திருத்தல் வேண்டும். பனிக்கட்டி மூடிய கோபுரத்தில் ஏறி அன்று மூட்டைச் செப்பனிடுவோம் என்பது நடவாத காரியம். அது முந்திய புரட்டாசி ஐப்பசியிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை.

நிற்க. வடத்தின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். இக்காலத்தில் பெரும்பாலும் வழங்குவது கோஆக்ஸியல் கேபிள் என்னும் ஓரச்சு வடம். அதனைக் குறுக்கே அறுத்து நோக்கின் வாழைமரத்தை அறுத்தாற்போலத் தோன்றும். நடுவே தண்டுபோல் ஒரு செப்புக்கம்பி. அதனைச் சூழப் பாலிதீன் என்னும் வெண்ணிறக் காப்புப்பொருள். அதன்மேல் மெல்லிய செப்பிழைகளால் நெய்த வலையுறை. யாவற்றிற்கும் புறத்தே கரிய மேலுறை. நுனியில் ஓர் இணைப்பியைப் பொருத்தி வான்கம்பியோடு முடுக்குவர். பி.எல். 259 என்னும் எண்ணால் அறியப்படும் இணைப்பி 1930-களில் தோன்றியது, மலிவானது, ஹாம்களிடையே இன்றும் பெருவழக்கினது. நீரைத் தடுக்கும் ஏற்பாடு அதில் யாதுமில்லை. 1940-களில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த பால் நீல் என்பவர் வகுத்ததும், அவர் பெயரின் முதலெழுத்தால் ‘என்’ வகை என வழங்குவதுமாகிய இணைப்பியில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது மேலானதே. ஆனால் அவ்வளையம் ஒன்றையே நம்பிக் கோபுரத்தின் உச்சியில் வெறுமனே விட்டுவருதல் தகாது என்பது எம் கருத்து. வளையம் காப்பது இணைப்பியின் வாயைத்தான், வடத்தின் மேலுறை இணைப்பியுள் நுழையும் கழுத்தை அன்று.

இனி, நீர் எவ்வாறு உட்புகுகின்றது? மழை நேரே உள்ளே பாய்கின்றது என்று பலர் எண்ணுவர். உண்மையில் வடமே நீரை உறிஞ்சிக் குடிக்கின்றது. பனிக்காலத்து நண்பகலில் வானம் தெளிந்து வெயில் காயுமானால், கரிய மேலுறை வெப்பத்தை ஏற்று, சுற்றியுள்ள காற்றினும் மிகுதியாகச் சூடேறும். உள்ளிருக்கும் காற்று விரிந்து, கிடைத்த இடுக்கின் வழியே சிறிது வெளியேறும். மாலையில் வெயில் மறைய, வடம் விரைந்து குளிரும், உட்காற்றுச் சுருங்கும். பகலில் 20 டிகிரி சென்டிகிரேடு இருந்த உட்காற்று இரவில் மைனஸ் 20-க்கு இறங்குவதாகக் கொள்வோம். வாயுக்களின் விதிப்படி, கெல்வின் அளவையில் 293 ஆக இருந்தது 253 ஆகின்றது. அஃதாவது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சுருங்குகின்றது. அவ்வெற்றிடத்தை நிரப்ப வெளியினின்று ஏதேனும் வந்தாகவேண்டும். இடுக்கின் வாயில் காற்று இருந்தால் ஈரக்காற்றுப் புகும். நீர் நின்றால் நீரே புகும். வெயிலில் உருகிய பனிநீர் மூட்டின்மேல் தேங்கி, இன்னும் உறையாமல் நிற்கும் அந்த மாலைப்பொழுதுதான் யாவற்றினும் ஆபத்தான வேளை. நாள்தோறும் ஒரு துளி அல்லது அரைத்துளி. ஒரு பருவத்திற்குள் வடம் தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும்.

உட்புகுந்த நீர் புகுந்த இடத்திலேயே நிற்பதுமில்லை. செப்பிழைகளால் நெய்த வலையுறையானது விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோல நீரை இழைக்கு இழை கடத்தி, மூட்டிலிருந்து பல அடி தூரம் கொண்டுசெல்லும். திரி எண்ணெயை மேல்நோக்கி இழுக்கும்போது, மேலிருந்து கீழே தொங்கும் வடம் நீரை இழுப்பதற்குச் சொல்லவேண்டியதில்லை. பிறகு இரவில் அந்நீர் உறையும். உறையும் நீர் நூற்றுக்கு ஒன்பது பங்கு பருப்பது நாம் அறிந்ததே. குப்பியை உடைக்கும் அவ்விசை, மூட்டின் மயிரிழை இடுக்கைச் சிறிது அகலமாக்கும். மறுநாள் உருகும்போது முன்னினும் அதிகமாக நீர் புகும். மறுபடி உறையும், மறுபடி அகலும்.

ஆதலின் கடுங்குளிரே பகையென்று கொள்வது பிழை. கனடாவின் நடுவே உள்ள வினிபெக் நகரில் ஜனவரி மாத இரவுகள் ஏறத்தாழ மைனஸ் 20 டிகிரியில் கழிகின்றன. ஆனால் அங்கே அக்காலத்தில் வீழும் வெண்பனி அரிசிமாவைப்போல் உலர்ந்தது, ஊதினால் பறக்கும். நீரே இல்லாதபோது மூட்டு குடிப்பதற்கு என்ன இருக்கிறது? அந்நகரத்தார் அஞ்சவேண்டிய மாதங்கள் பனி தொடங்கும் காலமும் உருகும் காலமுமேயாம். கிழக்குக் கடலோரத்தில் நியூபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகரமோ அத்துணைக் குளிருடையதன்று. எனினும் பனிக்காலம் முழுவதும் அங்கே வெப்பநிலை உறைநிலைக்கு மேலும் கீழுமாக ஊசலாடுகின்றது. உறைமழையும் உப்புக்காற்றும் உண்டு. மூட்டுகளுக்கு அவ்வூரே கொடியது. 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், அவ்வூரின் சிக்னல் குன்றிலேதான், மார்க்கோனி பட்டம் ஒன்றால் ஏறக்குறைய 500 அடி உயரத்திற்குக் கம்பியை ஏற்றி, இங்கிலாந்தின் போல்டு என்னுமிடத்திலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டிவந்த குறியைக் கேட்டதாக அறிவித்தார். காற்றின் கடுமையால் அவர் பட்டங்களையும் பலூனையும் இழந்தார் என்பர். அன்று மேலெழுந்த கம்பி சிறிது நேரமே வானில் நின்றதாதலின், மூட்டில் நீர் கோக்கும் கவலை அவருக்கு இருந்திராது.

நீர் புகுந்ததனால் என்ன? இரு தீங்குகள் உண்டு. முதலாவது, மின்னலைகள் வடத்தில் செல்லும்போது நடுக்கம்பிக்கும் வலையுறைக்கும் இடையிலுள்ள காப்புப்பொருளின் வழியாகவே செல்கின்றன. பாலிதீனின் மின்காப்பு மாறிலி 2.25, நீருக்கோ ஏறக்குறைய 80. இவ்வளவு வேறுபட்ட பொருள் இடையில் வந்து தங்கினால் அலைகள் சிதறித் திரும்பும். எஞ்சியவை நீரைச் சூடாக்குவதில் வீணாகும். இரண்டாவது தீங்கு மெல்ல வருவது. செம்பில் களிம்பேறும். நிரம்ப நுண்ணிய இழைகளாதலின் களிம்பு ஒவ்வோர் இழையையும் தனித்தனியே சூழ்ந்து, இழைக்கு இழை மின்சாரம் கடவாதபடி செய்யும். கடலுப்பும், வீதிகளிற் பனியுருகத் தூவும் உப்பும் இதனை விரைவுபடுத்தும். அலுமினியக் குழாய்களால் ஆகிய வான்கம்பியில் செப்புக்கம்பியை நேரே முறுக்கிவிடுவோர் உளர். ஈரம் பட்டவுடன் அவ்விரு உலோகங்களும் ஒரு சிறு மின்கலம்போலாகி, அலுமினியம் அரிக்கப்படும். இடையே துருப்பிடியாத எஃகுத் திருகாணியும் வில்லையும் இட்டு இணைத்தல் நன்று.

இனிக் காக்கும் முறையைக் கூறுவோம். மூட்டை மூடுமுன் அது செம்மையாக இயங்குகின்றதா என்று பார்த்துவிட வேண்டும். மூடியபின் பிரிப்பது தொல்லை. இணைப்பியை இறுக முடுக்கி, ஸ்பிரிட்டு நனைத்த துணியால் கையெண்ணெய் போகத் துடைத்து, நன்றாய் உலரவிடுக. பின் மூன்று சுற்றுக்கள். முதற்சுற்று, கடைகளில் இன்சுலேஷன் டேப் என விற்கும் பிளாஸ்டிக் நாடா. இது நீரைத் தடுப்பதற்கன்று. பின்னொருநாள் மேற்சுற்றைக் கத்தியாற் கீறிப் பிரிக்கையில், பசையொட்டாத இணைப்பி புதியதுபோல் வெளிவருவதற்காக. அனுபவமில்லாதார் இதனை வீண்வேலையென விட்டுவிடுவர். பிரிக்கும் நாளில் அருமை தெரியும். இரண்டாவதே உயிர்ச்சுற்று. அது தன்னோடு தான் ஒட்டும் ரப்பர் நாடா. அதில் பசையில்லை, இருமடங்கு நீளத்திற்கு இழுத்துச் சுற்றினால், ஒரு சுற்று அடுத்த சுற்றோடு கலந்து, சில மணிநேரத்தில் நாடா என்ற உருவே மறைந்து ஒரே ரப்பர்க் குழாயாய்விடும். ஒவ்வொரு சுற்றும் முன்சுற்றில் பாதியை மூடவேண்டும். இணைப்பியைத் தாண்டி வடத்தின் மேலும் மூன்று நான்கு விரற்கடை செல்லவேண்டும். அந்த ரப்பரிற் பலவகை வெயிலிற் காய்ந்து வெடிக்குமாதலின், மூன்றாவதாக மீண்டும் பிளாஸ்டிக் நாடா.

இவற்றில் ஒரு நுட்பம் உண்டு. கடைசிச் சுற்றைக் கீழிருந்து மேலே சுற்றிச் செல்லவேண்டும். நம் ஊரில் கூரை வேய்வோர் இறவாரத்திலே தொடங்கி முகட்டுக்கு ஏறுவதன் காரணமே இதற்கும் காரணம். மேற்கீற்றுக் கீழ்க்கீற்றை மூடினால் நீர் வழிந்தோடும், மாறி வேய்ந்தால் ஒவ்வொரு விளிம்பும் நீரை ஏந்தும். முடிவில் நாடாவைப் பிடுங்கி அறுக்கலாகாது. கடைசிச் சுற்றை இழுக்காமல் தளரவைத்துக் கத்தியால் வெட்டவேண்டும். இழுத்து ஒட்டிய நுனி குளிரிற் சுருங்கிப் பிரிந்து கொடிபோற் பறக்கும்.

சிலர் நாடாவுக்கு மாறாக, குழாயிலடைத்த ஸிலிகோன் பசையை அப்பிவிடுவர். இதில் ஓர் எச்சரிக்கை. இறுகும்போது காடி நாற்றம் வீசும் ஸிலிகோன் உண்மையாகவே காடியின் அமிலமாகிய அசெடிக் அமிலத்தை வெளிவிடுகின்றது. அது செம்பையே தின்னும். நீரைத் தடுக்க வந்த காவலனே கள்வனாவான். அமிலம் விடாத வகையும் விற்கின்றது, அதனையே வாங்குக. நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசப்பட்டதை வேதாகமத்தில் வாசித்திருக்கின்றோம். ஈரத்தைத் தடுக்கும் பொருள் உள்ளேயும் இருத்தல் வேண்டும் என்னும் அக்கொள்கையை ஒட்டி, இணைப்பியின் உள்வெளியை ஸிலிகோன் கிரீஸால் நிரப்புவாரும் உண்டு. காற்று இருக்குமிடத்தில் கிரீஸ் இருந்தால் வடம் சுவாசிக்கும் அளவு குறையுமாதலின் அது தக்கதே. ஆனால் புறச்சுற்றுக்கு அது பிரதியாகாது.

வான்கம்பியின் நடுவில் வடத்தின் இரு பகுதிகளையும் பிரித்து இருபுறத்துக் கம்பிகளோடு சேர்க்குமிடத்தில் ஒரு சிறு பெட்டி வைப்பதுண்டு. அதை எப்புறமும் அடைத்துவிட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். அது தவறு. நாம் முன் கூறிய சுவாசம் பெட்டிக்கும் உண்டு. முற்றும் அடைத்ததாக நாம் எண்ணும் பெட்டி, திருகாணியின் ஓரத்தால் ஈரக்காற்றை இழுத்து, குளிரில் அதை நீராக்கி, வெளியே விடாமல் தேக்கிக்கொள்ளும். அடியில் ஒரு சிறு துளையிடுக. புகும் நீர் அவ்வழியே போய்விடும். வடத்தின் மூட்டை நன்கு மூடுக, பெட்டியின் அடியைத் திறந்துவிடுக: இவை முரணல்ல, ஒரே விதியின் இரண்டு பயன்கள். அவ்வாறே வடம் சுவரிற் புகுமுன் ஒரு முழம் கீழே தாழ்ந்து வளைந்து பின் மேலேறிப் புகுமாறு விடவேண்டும். வடத்தின்மேல் ஓடிவரும் நீர் அவ்வளைவின் அடியிற் சொட்டிவிடும், வீட்டினுள் வாராது.

மூட்டுக்கு நீரினும் விரைவாகக் கேடு செய்வது பனிக்கட்டியின் பாரம். கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்புக்கம்பி 20 மீட்டர் நீளம் கட்டியிருந்தால், அதன் எடை அரைக்கிலோவுக்குச் சற்றே மிகும். அதனைச் சூழ எப்புறமும் ஒரு சென்டிமீட்டர் கனத்திற்குப் பனிக்கட்டி படிந்தால், அப்பனியின் எடை ஏறக்குறைய 7 கிலோ, கம்பியைப்போல் பன்னிருமடங்கு. காற்று வீசி அசைத்தால் இழுப்பு இன்னும் கூடும். இவ்விழுப்பு மூட்டின்மேல் விழலாகாது. வடத்தையும் கம்பிகளையும் முதலில் ஒரு காப்புத்துண்டில் கயிறுபோலக் கட்டிப் பாரத்தை அதில் ஏற்றி, மூட்டுக்குச் செல்லும் பகுதியைத் தளர விடவேண்டும். ஒரு முனையைக் கப்பியிலிட்டுப் பாரக்கல் ஒன்றைத் தொங்கவிட்டால், பனி ஏறும்போது கல் உயர்ந்து கம்பி தாழ்ந்துகொடுக்கும். பெரியவற்றிற்கும் இவ்விடர் உண்டு. இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் எம்லி மூர் என்னுமிடத்தில் நின்ற 385 மீட்டர் உயரமுள்ள ஒலிபரப்புக் கம்பம், 1969-ஆம் ஆண்டு மார்ச்சு 19-ஆம் நாள், பனிக்கட்டியின் பாரத்தாலும் காற்றின் அசைவாலும் ஒடிந்து வீழ்ந்தது. அதன் வடமொன்று அருகிருந்த சிற்றாலயத்தின் கூரையையும் பிளந்தது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை.

இவ்வேலைகளையெல்லாம் பனி தொடங்குமுன், உலர்ந்த நாளொன்றில் செய்துவிடவேண்டும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. ஆயினும் மழையிலும் பனியிலும் நடுங்கிக்கொண்டு கட்டிய வான்கம்பியே நன்றாய் வேலை செய்யும் என்பது ஹாம்களின் பழைய பரிகாசமொழி. எத்தனை பேர் வேலையைக் கடைசிவரை ஒத்திப்போடுகின்றனர் என்பதற்கு அதுவே சாட்சி. குளிரில் பிளாஸ்டிக் நாடா விறைத்துப் பசை பிடியாது போகும். பனிக்காலத்தின் நடுவே கட்டாயம் நேர்ந்தால், நாடாவை வெளிச்சட்டைக்குள் மார்போடு அணைத்து வெதுவெதுப்பாய் எடுத்துச்சென்று, மூட்டை வெப்பக்காற்றால் உலர்த்திய பின்னரே சுற்றவேண்டும். ஈரத்தை உள்ளே வைத்து மூடுவதைக் காட்டினும் மூடாமல் விடுவது மேல்.

மூட்டு ஈரமாயிற்றா என்பதை வீட்டிலிருந்தே அறியலாமோ? இங்கே கருவி நம்மை ஏமாற்றும். வான்கம்பி பழுதுபட்டால் அனுப்பிய மின்வலி திரும்பிவரும். நிலையலை விகிதம் காட்டும் மானி அதனை நமக்கு அறிவிக்கும் என்பது பொதுவிதி. நீர் கோத்த வடமோ போவதையும் விழுங்கும், வருவதையும் விழுங்கும். செல்லும் வலியிற் பாதியை விழுங்கும் வடம் ஒன்றைக் கொள்வோம். நாம் 100 வாட் அனுப்ப, மேலே 50 சேரும். மூட்டு அடியோடு அறுந்திருந்தால் அந்த 50-ம் திரும்பும். வழியில் மறுபடி பாதி போக 25 மட்டும் நம் மானிக்கு வரும். மானி மூன்றுக்கு ஒன்று என்று காட்டும். மேலே வான்கம்பியே இல்லாதபோதும், இருக்கின்றது சற்றுக் கோணலாக என்று சொல்லும் மானியை என்னென்பது! ஆதலின், இலையுதிர்காலத்தில் மூட்டு உலர்ந்திருக்கையில் மானி காட்டிய எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுக. வசந்தத்தில் யாதொரு காரணமுமின்றி அவ்வெண் முன்னினும் நல்லதாயிருப்பின், மகிழாது ஐயுறுக. வடத்தை இருமுனையிலும் கழற்றி, நடுக்கம்பிக்கும் வலையுறைக்கும் இடையே மின்தடைமானியை வைத்துப் பார்க்கலாம். அளவிறந்த தடை காட்டவேண்டிய இடத்தில் ஏதேனும் ஓர் எண் நின்றால் நீர் உள்ளே இருக்கின்றது.

அவ்வாறாயின் வடத்தை உலர்த்திப் பயன்படுத்தலாம் என நினையற்க. திரியிலேறிய எண்ணெயைப்போல அந்நீர் வெளிவாராது. மூட்டை அவிழ்த்து, நுனியில் ஒரு சாண் அறுத்து, மேலுறையைக் கீறி வலையுறையின் நிறத்தை நோக்குக. கருமையோ பச்சையோ காணின் இன்னும் ஒரு சாண் அறுக்க. செம்பு பளபளவென்று தோன்றும் இடத்தில் நிறுத்திப் புதிய இணைப்பியைப் பொருத்தலாம். பத்தடி சென்றும் கருமை மாறாதாயின், அது முழுவதையும் எறிந்துவிட்டுப் புதுவடம் வாங்குவதே சிக்கனம்.